இந்த விமானம் இன்னும் எத்தனை முறை பறக்கும்? ஃபட்டீக் கணக்குப் போடும் விதம்

என் அக்கா மகன் கோயம்புத்தூரில் ஏரோநாட்டிகல் மூன்றாம் ஆண்டு படிக்கிறான். போன மாதம் ஃபோன் செய்து, "சித்தி, ஃபட்டீக் லைஃப் கண்டுபிடிக்க ஒரு ஃபார்முலா இருக்காமே, அதை மட்டும் சொல்லுங்க, வைவாவுக்கு வேணும்" என்றான். ஃபார்முலா இரண்டு வரிதான். சொல்லி முடித்தேன். பிறகு, "அதுல என்ன ஸ்ட்ரெஸ் போடுவே?" என்று கேட்டேன். எதிர்முனையில் சத்தமே இல்லை. அவன் பதில் சொல்லாமல் விட்ட அந்தக் கேள்விக்குத்தான் எனக்கு 31 வருடம் சம்பளம் கொடுத்தார்கள்.

1983இல் பெங்களூரில் ஒரு விமானக் கட்டமைப்பு ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தேன். ஓய்வு பெறும் வரை ஒரே வேலை: உலோகம் எப்போது விரிசல் விடும், விட்ட விரிசல் எவ்வளவு வேகமாக ஓடும் என்று சொல்வது. பையனுக்கு எழுத ஆரம்பித்தது நீண்டுவிட்டது. இந்தத் துறைக்குள் புதிதாக வருகிறவர்களுக்கும் உதவும் என்று இங்கே வைக்கிறேன். ஸ்ட்ரெஸ் என்பது உலோகத்தின் ஒவ்வொரு சதுர மில்லிமீட்டரும் தாங்கும் விசை. பாடப்புத்தகத்தில் தகைவு என்று படித்திருப்பீர்கள். வேலையிடத்தில் யாரும் அப்படிச் சொல்வதில்லை, நானும் ஸ்ட்ரெஸ் என்றே எழுதுகிறேன்.

கட்டடம் கட்டும் இடத்தில் பார்த்திருப்பீர்கள். கட்டுக் கம்பி துண்டு வேண்டுமென்றால் கம்பி கட்டுகிறவர் கட்டரைத் தேட மாட்டார். முன்னும் பின்னுமாக நாலைந்து தரம் மடக்குவார், ஒடிந்துவிடும். உலோகம் இப்படிக் களைத்துப்போவதற்குத்தான் ஃபட்டீக் என்று பெயர். விமானத்திலும் அதே கதைதான், ஆனால் மடக்குவது கண்ணுக்குத் தெரியாது. நாலைந்து தரத்துக்குப் பதில் பல்லாயிரம் தரம். அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்கிறார்களே, எத்தனையாவது அடியில் என்று கேட்பதுதான் எங்கள் தொழில்.

எதை எண்ணுவது

புதிதாக வருகிறவர்கள் முதலில் கேட்பது "எத்தனை மணி நேரம் பறந்திருக்கிறது?" என்பதுதான். அதைவிட முக்கியம், எத்தனை தரம் ஏறி இறங்கியது.

1988 ஏப்ரல் 28 அன்று ஹவாயில் ஹிலோவிலிருந்து ஹொனலூலு போன அலோஹா ஏர்லைன்ஸ் போயிங் 737-200 விமானத்துக்கு 24,000 அடி உயரத்தில் முன்பக்கக் கூரையே பிய்ந்து போனது. பணிப்பெண் ஒருவர் வெளியே வீசப்பட்டு இறந்தார். திறந்த கூரையோடு விமானத்தை மாவி தீவில் இறக்கினார்கள். அந்த விமானம் அதுவரை பறந்தது 35,496 மணி நேரம். மணிக்கணக்கை மட்டும் பார்த்தால் நடுத்தர வயது. ஆனால் பறப்புகளின் எண்ணிக்கை 89,680. வகுத்துப் பாருங்கள்: ஒரு பறப்புக்கு 24 நிமிடம்கூட இல்லை. தீவுக்குத் தீவு டவுன் பஸ் மாதிரி ஓடிய விமானம். உயரத்தில் பயணிகள் மூச்சுவிட உள்ளே அழுத்தம் ஏற்றுவதால், ஒவ்வொரு தரமும் உடல் ஊதிச் சுருங்கியது. அந்த ரகத்துக்குப் போயிங் வடிவமைப்பில் வைத்த இலக்கு 75,000 பறப்புகள்.

உடற்பகுதிக்குப் பறப்புகளை எண்ணுங்கள். இறக்கைக்குப் பறப்புகளோடு வழியில் வாங்கும் காற்றுக் குலுக்கல்களையும் எண்ணுங்கள். லேண்டிங் கியருக்கு இறங்குவதும் ஓடுபாதையில் பிரேக் போட்டுத் திரும்புவதும்தான் கணக்கு. உறுப்புக்கு உறுப்பு கடிகாரம் வேறு.

ஸ்ட்ரெஸ்: நான் சறுக்கிய இடம்

அதே 737-ஐயே எடுத்துக்கொள்வோம். உடலின் ஆரம் 1.88 மீட்டர். ஸ்கின், அதாவது வெளித்தகட்டின் தடிமன் 0.91 மி.மீ.; ஒரு ரூபாய் நாணயத்தைவிட மெல்லியது. உள்ளே வெளியே அழுத்த வித்தியாசம் சதுர அங்குலத்துக்கு ஏறக்குறைய 7.5 பவுண்டு, அதாவது 0.0517 மெகாபாஸ்கல். அழுத்தத்தை ஆரத்தால் பெருக்கித் தடிமனால் வகுத்தால் சுற்றுவாட்டில் வரும் ஸ்ட்ரெஸ் 107 மெகாபாஸ்கல். நிஜத்தில் ஸ்கின்னுக்கு உள்ளே வளையம் போல நிற்கும் ஃபிரேம்கள் கொஞ்சம் சுமை வாங்கிக்கொள்வதால் இதைவிடக் குறையும். கைக்கணக்குக்கு 100 என்று வைத்துக்கொள்ளலாம்.

ஸ்கின் செய்யப்படும் 2024-டி3 அலுமினியத்தை ஒரே இழுப்பில் அறுக்க 440 மெகாபாஸ்கலுக்கு மேல் வேண்டும். 100 என்பது அதில் கால்வாசிகூட இல்லை. அப்புறம் ஏன் பயம்?

ஓட்டைதான் காரணம். அகலமான தகட்டில் ஒரு வட்ட ஓட்டை போட்டு ஒரு திசையில் இழுத்தால் ஓட்டை விளிம்பில் ஸ்ட்ரெஸ் மூன்று மடங்கு. விமான உடலில் நீளவாட்டிலும் பாதியளவு இழுப்பு இருப்பதால் அது இரண்டரை மடங்காகக் குறையும். அதுவே 250. அந்த ஓட்டையில் ரிவெட் அடித்து, அந்த ரிவெட் வழியாகவே ஒரு தகட்டிலிருந்து இன்னொன்றுக்குச் சுமை போனால் கணக்கு இன்னும் மோசம். ரிவெட் தலை வெளியே துருத்தாமல் இருக்க ஓட்டை வாயைச் சரிவாகக் குடைவார்கள். ஸ்கின் மெல்லியதாக இருந்தால் அந்தச் சரிவு தகட்டின் அடிவரை இறங்கி, விளிம்பு கத்தி முனை ஆகிவிடும். அலோஹாவின் லேப் ஜாயிண்ட்டில், அதாவது ஒரு தகட்டின் மேல் இன்னொன்று ஏறி நிற்கும் இணைப்பில், நடந்தது இதுதான். இரண்டு தகடுகளையும் சேர்த்து ஒட்டிய பசை, உப்புக் காற்றிலும் ஈரத்திலும் விட்டுப்போனது. பசை தூக்க வேண்டிய சுமை ரிவெட்டுகள் மேல் விழுந்தது. மேல் வரிசை ரிவெட் ஓட்டைகளில் கத்தி முனையிலிருந்து சின்னச் சின்ன விரிசல்கள், ஒன்றை ஒன்று பார்த்தபடி.

ஆகவே ஓட்டை விளிம்பு ஸ்ட்ரெஸ்ஸைக் கணினியில் நுணுக்கமாக வலை பின்னிக் கண்டுபிடிப்பதைவிட, அதே மாதிரி ஜாயிண்ட்டைச் செய்து சோதித்த வளைவு கிடைத்தால் அதைப் பயன்படுத்துவதே மேல். ஸ்ட்ரெஸ் இவ்வளவு என்றால் இத்தனை சுற்றில் உடையும் என்று காட்டும் வரைபடம் அது (சுமை ஒரு தரம் ஏறி இறங்கினால் ஒரு சுற்று). ரயில் அச்சுகள் உடைவதை ஆராய்ந்த ஜெர்மானியப் பொறியாளர் வோலர் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தொடங்கிவைத்த வழி. அலுமினியத்தில் ஒன்றைக் கவனியுங்கள்: எஃகுக்குச் சொல்வதுபோல், 'இதற்குக் கீழே எத்தனை சுற்று போனாலும் உடையாது' என்கிற எல்லை இதற்குத் தெளிவாகக் கிடையாது. வளைவு இறங்கிக்கொண்டே போகும்.

இங்கேதான் நான் விழுந்தேன். வேலையில் சேர்ந்த இரண்டாம் வருடம். ரிவெட்டுக்கு ரிவெட் 20 மி.மீ. இடைவெளி, ஓட்டை 4 மி.மீ. கையேட்டிலிருந்த வளைவைப் பார்த்து ஆயுள் எழுதி, அழகாக டைப் அடித்து, எங்கள் மூத்த பொறியாளர் மேசையில் வைத்தேன். அவர் முடிவு எண்ணைப் பார்க்கவே இல்லை. மூன்றாம் பக்கத்தைத் திருப்பிப் பென்சிலை வைத்தார்.

"ஏம்மா, இந்த ஸ்ட்ரெஸ்ஸை எந்த அகலத்தால வகுத்தே?"

"இருபதால சார். முழு அகலம்."

"இந்தக் கர்வ் போட்டவன் எதால வகுத்தான்?"

ஓடிப்போய்க் கையேட்டைப் பார்த்தேன். ஓட்டையைக் கழித்த அகலத்தில், 16இல், வரைந்திருந்தான். என் ஸ்ட்ரெஸ் 1.25 மடங்கு குறைவாக இருந்திருக்கிறது. வெறும் கால் பங்குப் பிழைதானே என்று தோன்றும். ஆனால் இந்த வளைவுகளில் ஆயுள், ஸ்ட்ரெஸ்ஸின் ஏறக்குறைய ஐந்தாம் அடுக்குக்குத் தலைகீழ். 1.25-ஐ ஐந்து தரம் பெருக்குங்கள்: 3.05. நான் எழுதிய ஆயுள் மூன்று மடங்கு அதிகம். அன்றிலிருந்து எந்த எண்ணை எழுதினாலும் பக்கத்தில் 'முழு அகலம்' அல்லது 'ஓட்டை கழித்து' என்று சிவப்பு மையில் எழுதுவேன். ஓய்வு பெற்ற அன்று பையன்கள் எனக்குக் கொடுத்த பரிசு ஒரு பெட்டி சிவப்புப் பேனா.

இதிலிருந்தே இன்னொன்றும் புரியும். ஸ்ட்ரெஸ் 10 சதவீதம் கூடினால் ஆயுளில் 38 சதவீதம் போய்விடும். ஆகவே சூத்திரத்தில் மெருகேற்றும் நேரத்தைச் சுமைக் கணக்கைச் சரிபார்ப்பதில் செலவிடுங்கள்.

குலுக்கலை எண்ணுவது

உடற்பகுதிக்கு ஒரு பறப்பு ஒரு சுற்று என்று முடித்துவிடலாம். இறக்கைக்கு முடியாது. அதற்கு மழையைத் துணைக்கு அழைக்க வேண்டும்.

இறக்கையின் அடிப்பக்க ஸ்கின்னை எடுத்துக்கொள்வோம். தரையில் நிற்கும்போது இறக்கை தன் பாரத்தால் தொங்கும், அடிப்பக்கம் அமுங்கும்: கழித்தல் 20 மெகாபாஸ்கல். மேலே போனதும் காற்று இறக்கையைத் தூக்கும், அடிப்பக்கம் இழுபடும். வழியில் குலுக்கல். ஒரு பறப்பின் உச்சங்களையும் பள்ளங்களையும் மட்டும் வரிசையாக எழுதினால் இப்படி வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்:

−20, 110, 40, 95, 55, 70, −20

இதில் எத்தனை சுற்று? 1968இல் ஜப்பானில் மட்சுயிஷி, எண்டோ இருவரும் சொன்ன வழி, இந்த வரைபடத்தைச் செங்குத்தாகத் திருப்பி, பகோடா கூரை மேல் மழை வழிவதாக நினைத்து எண்ணுவது. ரெயின்ஃப்ளோ என்ற பெயர் அப்படி வந்தது. எங்கள் ஊர் ஓட்டு வீட்டுத் தாழ்வாரத்தில் மேல் ஓட்டுத் தண்ணீர் கீழ் ஓட்டுத் தண்ணீரோடு சேர்கிற இடத்தைப் பார்த்து வளர்ந்தவளுக்கு அது உடனே விளங்கியது. கையால் செய்ய இன்னும் சுலபமான விதி உண்டு: ஓர் ஏற்றமோ இறக்கமோ, தனக்கு முன்னும் பின்னும் தன்னைவிடப் பெரியவற்றுக்கு நடுவே அடைபட்டிருந்தால், அதை ஒரு முழுச் சுற்றாகக் குறித்துக்கொண்டு அந்த இரண்டு எண்ணையும் வரிசையிலிருந்து அடித்துவிடுங்கள்.

மேலே உள்ள வரிசையில் 55–70 அடைபட்டது. அடியுங்கள். மிச்சம் −20, 110, 40, 95, −20. இப்போது 40–95 அடைபட்டது. அதையும் அடியுங்கள். மிச்சம் −20, 110, −20. ஆக மூன்று சுற்று, வீச்சு (உச்சத்துக்கும் பள்ளத்துக்கும் உள்ள வித்தியாசம்) 15, 55, 130.

அந்த 130-ஐப் பாருங்கள். வழியில் எந்தக் காற்றும் ஒரே வீச்சில் 130 அடிக்கவில்லை. தரையில் நின்ற பள்ளத்தையும் பறப்பின் ஆகப்பெரிய குலுக்கலையும் கோத்ததால் பிறந்தது அது. தரை–வானம்–தரை என்கிற இந்தச் சுற்றைக் கைக்கணக்கில் விட்டுவிடுகிறவர்களை ஒவ்வொரு வருடமும் பார்த்திருக்கிறேன். பறக்கும்போது நடந்ததை மட்டும் பட்டியல் போடுவார்கள்.

அடுத்து, ஒவ்வொரு சுற்றும் வேறு வேறு உயரத்தில் நிற்கிறது. 40–95 முழுவதும் இழுப்பிலேயே நடக்கிறது. −20–110 கொஞ்சம் அமுக்கத்திலும் போகிறது. இழுப்பு விரிசலைத் திறக்கும், அமுக்கம் மூடும், ஆகவே இரண்டையும் ஒரே தராசில் வைக்க ஒரு மாற்று வேண்டும். பல வழிகள் இருக்கின்றன. நான் அதிகம் பயன்படுத்தியது: உச்ச ஸ்ட்ரெஸ்ஸைப் பாதி வீச்சால் பெருக்கி வர்க்கமூலம் எடுப்பது. பெரிய சுற்றுக்கு 110 × 65-இன் மூலம், 85. நடு சுற்றுக்கு 95 × 27.5-இன் மூலம், 51. சின்னதுக்கு 70 × 7.5-இன் மூலம், 23.

இனி சேதத்தைக் கூட்டலாம். உங்கள் ஜாயிண்ட்டின் வளைவு, 85-க்கு 1,00,000 சுற்று தருகிறது என்று வைப்போம். ஐந்தாம் அடுக்கு விதிப்படி (தசமங்களை வெட்டாமல் போட்டால்) 51-க்கு சுமார் 12.4 லட்சம், 23-க்கு சுமார் 6.9 கோடி. வழக்கமான பறப்பு ஒன்றில் பெரியது 1, நடு 6, சின்னது 40 வருகிறதென்றால், ஒரு பறப்பின் சேதம்:

1/1,00,000 + 6/12,40,000 + 40/6,90,00,000

கூட்டினால் 0.0000154. ஒன்றை இதால் வகுத்தால் ஏறக்குறைய 65,000 பறப்பு. பையன் கேட்ட ஃபார்முலா இதுதான். 1924இல் பால்பேரிங்குகளுக்காக ஸ்வீடனில் பாம்கிரென் சொன்னது. 1945இல் டக்ளஸ் விமான நிறுவனத்தின் மைனர் அலுமினியத்துக்குக் கொண்டுவந்தது. சேதங்களின் கூட்டல் 1 ஆனால் உடையும்.

இந்தக் கூட்டலில் மூன்றில் இரண்டு பங்கு, அந்த ஒரே ஒரு தரை–வானம்–தரை சுற்றிலிருந்து வருகிறது. சின்னச் சுற்று 40 இருந்தும் நூற்றில் 4 பங்குகூடத் தேறவில்லை.

65,000 என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடலாமா

கூடாது. மைனர் விதிக்கு ஞாபகசக்தி கிடையாது. எந்தச் சுமை முதலில் வந்தது, எது பிறகு வந்தது என்று அதற்குத் தெரியாது. உலோகத்துக்குத் தெரியும்.

இதை உலகம் கற்றுக்கொண்டது, பிரிட்டனின் டி ஹாவிலண்ட் செய்த முதல் ஜெட் பயணிகள் விமானமான காமெட்டில். 1954 ஜனவரி 10 அன்று எல்பா தீவருகே விழுந்த காமெட் 1,290 முறை உடலில் அழுத்தம் ஏற்றிப் பறந்திருந்தது. ஏப்ரல் 8 அன்று இத்தாலிக் கடலில் விழுந்த இரண்டாவது, சுமார் 900 முறைதான். ஆனால் டி ஹாவிலண்ட் நிறுவனம் முன்கூட்டியே சோதித்த உடற்பகுதி 16,000 சுற்றுக்கு மேல் தாங்கியிருந்தது. எப்படி இவ்வளவு வித்தியாசம்?

அந்தச் சோதனைத் துண்டை ஃபட்டீக் சோதனைக்கு வைப்பதற்கு முன், பலம் பார்ப்பதற்காக வழக்கமான அழுத்தத்தைப்போல் இரண்டு மடங்கு வரை ஊதியிருந்தார்கள். அப்போது ஜன்னல் மூலைகளில் உலோகம் கொஞ்சம் நிரந்தரமாக நீண்டுவிட்டது. அழுத்தத்தை எடுத்ததும், நீளாத சுற்றுப்புற உலோகம் பழைய அளவுக்குத் திரும்பி, நீண்டுபோன அந்த மூலையை நாலா பக்கமும் நெருக்கிப் பிடித்துக்கொண்டது. அதன் பிறகு வந்த ஒவ்வொரு சுற்றும் முதலில் அந்த நெருக்கத்தை வென்று, அப்புறம்தான் மூலையை இழுக்க முடிந்தது. பலச் சோதனை, தெரியாமலே அந்தத் துண்டுக்கு மருந்து கொடுத்துவிட்டது. பயணிகளை ஏற்றிப்போன விமானங்களை அந்த அளவுக்கு யாரும் ஊதவில்லை. அவற்றுக்கு மருந்து கிடைக்கவில்லை.

ஃபார்ன்பரோவில் இருந்த பிரிட்டிஷ் விமான ஆய்வுக்கூடத்தில் இன்னொரு காமெட்டை முழுசாகத் தண்ணீர்த் தொட்டியில் வைத்து ஊதிப் பார்த்தார்கள். காற்றால் ஊதியிருந்தால் கிழியும்போது குண்டு மாதிரி வெடித்து, எங்கே தொடங்கியது என்று தேடவே முடியாமல் போயிருக்கும். தண்ணீர் அமுங்காது, அதனால் கிழிந்த இடத்தோடு நின்றுவிடும். அந்த விமானம் முன்பு பறந்ததையும் தொட்டியில் கழித்ததையும் சேர்த்து ஏறக்குறைய 3,060 சுற்றில் கிழிந்தது.

இதோடு உலோகத்தின் சொந்தக் குணமும் சேரும். ஒரே தகட்டில் அடுத்தடுத்து வெட்டிய இரண்டு துண்டு, ஒரே இயந்திரம், ஒரே சுமை, ஒன்று 1.4 லட்சத்தில் உடைந்தது, மற்றது 3.9 லட்சம் போனது. என் நோட்டில் இருக்கிறது. கூட்டல் 1 ஆவதற்கு முன் 0.3-இலேயே உடைந்ததும் உண்டு, 2-ஐத் தாண்டி நின்றதும் உண்டு.

அதனால்தான் ஆயுளை வகுக்கிறோம். முழு அளவுச் சோதனை செய்திருந்தால் 3 முதல் 5 வரை வகுப்பது வழக்கம். சோதனையே இல்லாத வெறும் காகிதக் கணக்கென்றால் இன்னும் கூட. நம் 65,000-ஐ ஐந்தால் வகுத்தால் 13,000 பறப்பு. அதன் பிறகு அந்த உறுப்பைக் கழற்றி எறிய வேண்டும், விரிசல் இருந்தாலும் இல்லாவிட்டாலும். லேண்டிங் கியரில் இன்றும் இப்படித்தான் செய்கிறார்கள். இறக்கை, உடல் விஷயத்தில் இது கட்டுப்படி ஆகாது. அது மட்டுமல்ல, முதல் நாளே ஒரு குறையோடு பிறந்த உறுப்பை இந்தக் கணக்கு பார்க்கவே பார்க்காது. 1969 டிசம்பரில் ஓர் எஃப்-111 போர் விமானத்தின் இறக்கை 100 மணி நேரம் சொச்சத்திலேயே கழன்று விழுந்தது. இறக்கை திரும்பும் கீல் பகுதியில், தயாரிக்கும்போதே விழுந்த விரிசல் ஒன்று எந்தச் சோதனையிலும் சிக்காமல் இருந்திருக்கிறது. அமெரிக்க விமானப்படை அதன் பிறகு கேள்வியையே மாற்றிக்கொண்டது: விரிசல் இருக்கிறது என்றே வைத்துக்கொள், அது எவ்வளவு வேகமாக வளரும் என்று சொல்.

விரிசலோடு நடப்பது

எனக்குப் பிடித்த பகுதி இது.

விரிசல் நுனியில் உலோகம் படும் பாட்டுக்கு ஒரு அளவு உண்டு. ஸ்ட்ரெஸ் வீச்சை, 3.14 × விரிசலின் பாதி நீளம் என்பதன் வர்க்கமூலத்தால் பெருக்க வேண்டும். நீளத்தை மீட்டரில் போடுங்கள். அமெரிக்கப் பொறியாளர் பால் பாரிஸ் கண்டது, ஒரு சுற்றுக்கு விரிசல் வளரும் தூரம் இந்த அளவின் ஏதோ ஓர் அடுக்குக்கு ஏற்ப இருக்கிறது என்பது. எளிமையாகத் தோன்றியதாலோ என்னவோ, முன்னணி இதழ்கள் அவர் கட்டுரையைத் திருப்பி அனுப்பின. 1961இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஒரு பொறியியல் இதழில்தான் வெளிவந்தது.

பயிற்சிக்கு, அடுக்கு 3 என்றும் முன்னால் வரும் மாறிலி மீட்டர் கணக்கில் ஒன்றின் கீழ் ஆயிரம் கோடி என்றும் வைப்போம். (நிஜ வேலைக்கு உங்கள் உலோகத்துக்கும் தடிமனுக்கும் உள்ள சோதனைத் தரவை எடுங்கள்.) வீச்சு 100 மெகாபாஸ்கல். பாதி நீளம் 5 மி.மீ. விரிசல், 100 மி.மீ. ஆகும் வரை தொகையிட்டால் ஏறக்குறைய 39,000 பறப்பு வருகிறது.

இப்போது விளையாடிப் பாருங்கள். "தகடு இன்னும் உறுதியானது, 200 மி.மீ. வரை தாங்கும்" என்று ஒருவர் சொன்னால் உங்களுக்குக் கிடைப்பது சுமார் 3,300 பறப்புதான் கூடுதல். "5 மி.மீ. ஆகும் வரை ஏன் காத்திருக்க வேண்டும், 1 மி.மீ.லேயே என்னால் பார்க்க முடியும்" என்று இன்னொருவர் சொன்னால் ஆயுள் 39,000-லிருந்து 1,02,000-க்குத் தாவுகிறது. விரிசல் தன் வாழ்நாளில் பெரும்பகுதியைச் சின்னதாக இருந்தே கழிக்கிறது.

இதைக் கண்ணால் பார்த்த இரவு ஒன்று உண்டு. அகலமான தகடு, நடுவில் ரம்பத்தால் கீறிய பிளவு, நொடிக்கு இரண்டு சுற்று. தகட்டின் மேல் நகரும் மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்து, விரிசல் நுனி அடுத்த கோட்டைத் தொட்டதும் கவுண்டரைப் படித்து நோட்டில் எழுத வேண்டும். முதல் மில்லிமீட்டருக்கு 40 நிமிடத்துக்கு மேல் ஆனது. நடுவில் கேன்டீனுக்குப் போய் உப்புமா சாப்பிட்டு வந்தேன், நுனி கோட்டைத் தொடவில்லை. விடிகாலையில் அரை நிமிடத்துக்கு ஒரு மில்லிமீட்டர் ஓடியது. எழுதிவிட்டு நிமிர்வதற்குள் அடுத்த கோடு. கடைசி ஆறு வரி என் கையெழுத்தே எனக்குப் புரியாது. பிறகு ஒரு சத்தம், இரும்பு பீரோ கதவை அடித்துச் சாத்துவது போல. இரண்டு துண்டு.

ஒன்றை எச்சரிக்க வேண்டும். இது ஒற்றை விரிசலின் கதை. அலோஹாவில் பக்கத்துப் பக்கத்து ஓட்டைகளில் பல விரிசல்கள் ஒரே நேரத்தில் இருந்தன. ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் ஆபத்தில்லாத அளவு. கைகோத்தபோது கூரை போனது. பழைய விமானங்களுக்கு இந்தக் கணக்கு முறை எந்தப் பறப்பு எண்ணிக்கை வரை செல்லும் என்று எல்லை குறிக்கச் சொல்லி அமெரிக்கா 2010இல் விதி கொண்டுவந்தது. பழுது பார்த்த இடங்களும் அப்படித்தான், அவற்றுக்குப் பழைய கணக்கு செல்லாது. 1978இல் ஒசாகாவில் வால் இடித்துப் பழுது பார்த்த ஜப்பான் ஏர்லைன்ஸ் 747-இன் பின்பக்க அழுத்தச் சுவரில், இரண்டு வரிசை ரிவெட் தாங்க வேண்டிய சுமையை ஒரு வரிசை தாங்கும்படி ஒட்டுத் தகட்டை வெட்டி வைத்துவிட்டார்கள். அது 12,318 பறப்பு தாங்கியது. 1985 ஆகஸ்ட் 12 அன்று 520 பேர் போனார்கள்.

எப்போது பார்ப்பது, யார் பார்ப்பது

39,000 என்பது கண்ணில் படும் அளவிலிருந்து ஆபத்தான அளவு வரை உள்ள அவகாசம். அதற்குள் ஒரு தரம் பார்த்துத் தவறவிட்டாலும் இன்னொரு வாய்ப்பு இருக்க வேண்டும். ஆகவே இரண்டால் அல்லது மூன்றால் வகுத்து, 'இத்தனை பறப்புக்கு ஒரு தரம் பார்' என்று எழுதுவோம். மூன்றால் என்றால் 13,000.

1977இல் லுசாகாவில் விழுந்த போயிங் 707 சரக்கு விமானத்தின் வால் இறக்கையில், ஒரு பகுதி உடைந்தால் சுமையை வாங்கிக்கொள்ள மாற்று வழி வைத்துத்தான் வடிவமைத்திருந்தார்கள். முதல் பகுதி உடைந்ததைக் கண்டுபிடிக்கும்படியான பரிசோதனை இல்லை. மாற்று வழி தன் பங்குக்குக் கொஞ்ச காலம் உழைத்துவிட்டு அதுவும் போனது. மறு வருடமே அமெரிக்க விதியைத் திருத்தினார்கள்.

அதனால் கணக்கு முடிந்ததும் காகிதத்தை எடுத்துக்கொண்டு ஹேங்கருக்குப் போங்கள். நான் ஒரு தடவை போனேன். உலோகத்தில் மின்சுழலைத் தூண்டி விரிசல் தேடும் எடி கரண்ட் கருவியில், பாதி நீளம் 5 மி.மீ. உள்ள விரிசல் நிச்சயம் சிக்கும் என்று நம்பி 13,000 எழுதியிருந்தேன். பரிசோதகர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். ஏணியில் ஏறி, நான் குறித்திருந்த இடத்தில் கையை விட்டார். முழங்கை வரைதான் போனது; நடுவில் குழாய்களைப் பிடிக்கும் ஒரு பிராக்கெட்.

"மேடம், புரோபு அங்க போகாது. டார்ச் அடிச்சுக் கண்ணாடி வச்சுப் பார்க்கலாம். அவ்வளவுதான்."

"கண்ணாடியில எவ்வளவு நீளம் இருந்தா தெரியும்?"

அவர் விரல்களை விரித்துக் காட்டினார். ஐந்து சென்டிமீட்டர். பாதி நீளம் 25 மி.மீ.

மேசைக்குத் திரும்பி, 5-க்குப் பதில் 25 போட்டேன். 39,000 இருந்த இடத்தில் 11,000 சொச்சம். மூன்றால் வகுத்தால் 3,800 பறப்புகூட இல்லை. மூன்றரை மடங்கு அடிக்கடி பார்க்க வேண்டும் என்றால் எந்த விமானக் கம்பெனி ஒத்துக்கொள்ளும்? வடிவமைப்புக் குழுவோடு இரண்டு வாரம் இழுபறி. கடைசியில் கை நுழையும்படி ஸ்கின்னில் ஒரு ஓட்டை வெட்டி, மூடி போட்டுத் தந்தார்கள். அந்த ஓட்டைக்கும் ஃபட்டீக் கணக்கு நான்தான் போட்டேன். ஓட்டை கழித்த அகலத்தில், சிவப்பு மையில்.